எஸ்க்யூஎல் ஒன்றுதான், விடைகள்தான் வேறு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் ‘எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டால் போதும், எந்தத் தரவுத்தளத்திலும் வேலை பார்க்கலாம்’ என்ற அறிவுரை அடிக்கடி வருகிறது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் 1986இல் அமெரிக்கத் தரமாகவும் 1987இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால் ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருள் 1979இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. தரம் எழுதப்படுவதற்குள் பழக்கங்கள் ஊறிவிட்டன; பின்னால் வந்தவர்களும் தங்கள் வசதிப்படி வளைத்துக்கொண்டார்கள். அந்த வளைவுகளில் எவை ஆளைக் கவிழ்ப்பவை என்று எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

இலக்கண வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. டேபிளின் முதல் 10 பதிவுகளை எடுக்க மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் ஆகிய தரவுத்தளங்கள் மூன்றிலும் ‘லிமிட் 10’. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் ‘டாப் 10’. ஆரக்கிளில் 12சி பதிப்பு முதல் ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 10 ரோஸ் ஒன்லி’. மாற்றி எழுதினால் உடனே பிழைச்செய்தி வரும், திருத்திவிடலாம். கூச்சல் போடும் பிழை நல்ல பிழை. ஒரே க்வெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) இரண்டு இடங்களிலும் சத்தமில்லாமல் ஓடி, இரண்டு வெவ்வேறு விடைகளைத் தருவதுதான் ஆபத்து. பழைய ஆரக்கிள் நிரல்களில் இன்றும் காணப்படும், பதிவுக்கு வரிசை எண் தரும் ‘ரோநம்’ அந்த வகை. ‘வேர் ரோநம் <= 10 ஆர்டர் பை சம்பளம்’ என்று எழுதினால், கைக்குக் கிடைத்த ஏதோ 10 பதிவுகளை முதலில் பிடித்துக்கொண்டு, அந்தப் பத்தை மட்டும் வரிசைப்படுத்தித் தரும். குறைந்த சம்பளக்காரர்கள் 10 பேர் என்று நினைத்து அதை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வரிசைப்படுத்தும் க்வெரியை அடைப்புக்குள் வைத்து, ரோநம் நிபந்தனையை வெளியே போட வேண்டும்.

சத்தமில்லாத பிழைகளில் முதலிடம், மதிப்பே பதியப்படவில்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’ என்ற வெறுமைக்கு. ஆரக்கிளில், உரைப் புலத்தில் (டேபிளின் உரைப் பத்தியில்) நீளமே இல்லாத வெற்று உரையைச் சேமித்தால் அது ‘நல்’ ஆகிவிடும். மற்ற நான்கிலும் வெற்று உரை வேறு, ‘நல்’ வேறு. எனவே ஆரக்கிளில் ‘புலம் = வெற்று உரை’ என்ற நிபந்தனை ஒருபோதும் மெய்யாகாது; ‘புலம் <> வெற்று உரை’ என்று எழுதினாலும் ஒரு பதிவும் வராது, ஏனென்றால் ‘நல்’லோடு ஒப்பிட்டால் விடை மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. ‘ஈஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும். அங்கே எழுதிய நிரலை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றும்போது, ‘ஈஸ் நல்’ என்று கேட்ட இடங்களில் வெற்று உரை கொண்ட பதிவுகள் பிடிபடாமல் நழுவும். இடம்பெயர்க்கும் நாளிலேயே ஒரு முடிவு எடுங்கள்: வெற்று உரையை எல்லாம் ‘நல்’ ஆக்கிவிட்டு, இனி வெற்று உரையே நுழையாதபடி புலத்துக்கு, நுழையும் மதிப்பைச் சரிபார்க்கும் ஒரு ‘செக்’ கட்டுப்பாடு போட்டுவிடுவது நல்லது. இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வதைப் போன்ற தொல்லை வேறில்லை.

பெயரையும் முதலெழுத்தையும் ஒட்டும் வேலையில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். இரட்டைச் செங்குத்துக் கோடு போட்டு ஒட்டினால், ஆரக்கிள் ‘நல்’லைக் கண்டுகொள்ளாமல் மீதியைத் தரும். போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூலைட்டிலும் ஒரு துண்டு ‘நல்’ என்றால் முழுப் பெயரும் ‘நல்’. மைஎஸ்க்யூஎல்லில் அந்தக் கோடுகளுக்கு இயல்பான பொருளே ‘அல்லது’. பெயர் வர வேண்டிய இடத்தில் 0 அல்லது 1 வந்து நிற்கும். எஸ்க்யூஎல் சர்வரில் கூட்டல் குறியால் ஒட்டுவார்கள். அங்கும் ‘நல்’ முழுவதையும் விழுங்கும். சரி, பொதுவான ‘கான்கேட்’ செயற்கூற்றைப் பயன்படுத்தலாமே என்றால், போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூஎல் சர்வரும் அதில் ‘நல்’லை வெற்று உரையாக எடுத்துக்கொள்ளும், மைஎஸ்க்யூஎல் மட்டும் ‘நல்’ என்றே திருப்பித் தரும். இந்த மூன்றிலும் ஒரே மாதிரி நடப்பது ‘கான்கேட் டபிள்யூஎஸ்’: இடையில் வர வேண்டிய குறியை முதலில் கொடுத்தால், ‘நல்’ துண்டுகளைத் தாண்டி ஒட்டித் தரும். எஸ்க்யூஎல் சர்வரில் அது 2017 பதிப்பிலிருந்துதான் உண்டு.

வரிசைப்படுத்தும்போது ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் ஏறுவரிசையில் ‘நல்’லைக் கடைசியில் வைக்கும், மற்ற மூன்றும் முதலில் வைக்கும். ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற தனித்தன்மைக் கட்டுப்பாடு உள்ள புலத்தில் எஸ்க்யூஎல் சர்வர் ஒரே ஒரு ‘நல்’லைத்தான் அனுமதிக்கும், மற்றவை எத்தனை வேண்டுமானாலும் விடும். மின்னஞ்சல் முகவரி கட்டாயமில்லாத உறுப்பினர் பட்டியலை எஸ்க்யூஎல் சர்வருக்கு மாற்றினால், முகவரி இல்லாத இரண்டாவது ஆளிலேயே இறக்குமதி நின்றுவிடும். ‘நல்’ அல்லாத பதிவுகளுக்கு மட்டும் வடிகட்டிய தனித்தன்மை இண்டெக்ஸ் (தேடலுக்கான குறிப்பு அட்டவணை) போட்டால் தீரும். ஆனால் ‘இதில் இல்லாதவை’ என்று கேட்கும் ‘நாட் இன்’ பட்டியலுக்குள் ஒரு ‘நல்’ புகுந்தால் ஒரு பதிவும் வராது என்பதற்கு எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல முடியாது. அது தரத்திலேயே உள்ளது, ஐந்திலும் அப்படித்தான். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று எழுதிப் பழகுவதே வழி.

எண்களுக்கு வருவோம். 5/2 எவ்வளவு? போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட்: 2. ஆரக்கிள்: 2.5. மைஎஸ்க்யூஎல்: 2.5000. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே என்பது முதல் கட்சி. தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிட 45/60*100 என்று எழுதினால் மைஎஸ்க்யூஎல்லில் 75, போஸ்ட்கிரெஸில் 0. அறுபதில் நாற்பத்தைந்து பேர் தேறியும் தேர்ச்சி பூஜ்யம்! 100.0 என்று பதின்மப் புள்ளியோடு தொடங்கி 100.0*45/60 என எழுதினால் எல்லா இடத்திலும் 75 வரும். எஸ்க்யூஎல் சர்வர் இன்னொரு படி மேலே போகும்: முழு எண் புலத்தின் சராசரியையும் முழு எண்ணாகவே வெட்டிவிடும். 3, 4 ஆகியவற்றின் சராசரி அங்கே 3. மதிப்பெண் பட்டியல், பயன்பாட்டு அறிக்கை போன்றவற்றில் இது வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும், ஏனென்றால் 3 என்பது பார்ப்பதற்கு நியாயமான எண்தான். பூஜ்யத்தால் வகுத்தால் மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூலைட்டும் ‘ஸெலக்ட்’டில் ‘நல்’ தந்துவிட்டு மேலே போய்விடும். மற்ற மூன்றும் பிழை சொல்லி நிறுத்தும்.

தேதிகளில்தான் நிஜமான பணச் சிக்கல் வருகிறது. மாதக் கணக்கை எடுப்பவர்கள் ‘பிட்வீன்’ போட்டு மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை என்று எழுதுவார்கள். புலத்தில் நேரமும் இருந்தால், மார்ச் 31 என்பது அன்றைய நள்ளிரவு 00:00:00 மட்டுமே. அன்று பகல் முழுவதும் நடந்த விற்பனை கணக்கில் வராது. ஆரக்கிளில் இந்தக் குழி இன்னும் ஆழம். அங்கே ‘டேட்’ என்ற வகையே நொடி வரையிலான நேரத்தையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ளும். திரையில் தேதி மட்டும் தெரிவதால் நேரம் இருப்பதே பலருக்குத் தெரியாது. ‘ட்ரங்க்’ போட்டு நேரத்தை வெட்டி ஒப்பிட்டால் விடை சரியாக வரும், ஆனால் அந்தப் புலத்தின் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாமல் போகும்.

இதற்கு மருந்தாகப் பலர் முடிவு நேரத்தை 23:59:59.999 என்று எழுதுகிறார்கள். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய ‘டேட்டைம்’ வகை நொடியை 300 பங்காகத்தான் பிரிக்கும்; கடைசி இலக்கம் 0, 3, 7 ஆகியவற்றில் ஒன்றுக்கு உருட்டப்படும். ஆக .999 என்பது உருண்டு மறுநாள் 00:00:00.000 ஆகிவிடும். ஏப்ரல் 1 நள்ளிரவில் தானாகப் பதிவான வரவுகள் மார்ச் கணக்கிலும் வரும், ஏப்ரல் கணக்கிலும் வரும். மைஎஸ்க்யூஎல்லில் நொடியின் பின்னம் வைக்காத ‘டேட்டைம்’ புலத்தில் 23:59:59.6 என்று சேமித்தாலும் இதே கதை. இயல்பாக அது மேல்நோக்கி உருட்டி மறுநாளாக்கிவிடும். சரியான முறை ஒன்றே: ‘>= மார்ச் 1’ மற்றும் ‘< ஏப்ரல் 1’. ஐந்து தரவுத்தளங்களிலும், எந்த நேர நுணுக்கத்திலும் இது பிழைக்காது. பாடம் நடத்துபவர்கள் ‘பிட்வீன்’னைத் தேதிக்குக் கற்றுத்தருவதை நிறுத்தினாலே பாதி மாதக் கணக்குகள் நேராகிவிடும்.

தேதியை எழுதும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. 2024-03-04 என்று ஆண்டு, மாதம், நாளாக எழுதினால் குழப்பமே வராது என்று நம்புகிறோம். எஸ்க்யூஎல் சர்வரில் இணைப்பின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால், பழைய ‘டேட்டைம்’ வகை அதை ஏப்ரல் 3 என்று படிக்கும். நாள் 12ஐத் தாண்டினால்தான் பிழைச்செய்தி வரும். மாதத்தின் முதல் 12 நாட்களுக்கு நாளும் மாதமும் சத்தமில்லாமல் இடம் மாறும். கோடு இல்லாமல் 20240304 என்று எழுதினால் எந்த மொழியிலும் மார்ச் 4தான். புதிய ‘டேட்’, ‘டேட்டைம்2’ வகைகளுக்கு இந்த நோய் இல்லை. இன்னொன்று: எஸ்க்யூஎல் சர்வரில் ‘டைம்ஸ்டாம்ப்’ என்ற வகைக்கும் நேரத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பதிவு மாறும்போதெல்லாம் மாறும் 8 பைட் எண் அது. ‘ரோவெர்ஷன்’ என்பதே அதன் சரியான பெயர். மைஎஸ்க்யூஎல்லின் ‘டைம்ஸ்டாம்ப்’ நேரம்தான், ஆனால் 2038 ஜனவரி 19க்கு மேல் தாங்காது. ஓய்வு பெறும் தேதி, நீண்ட காலக் கடன் முடியும் தேதி போன்றவற்றை அதில் வைக்கக் கூடாது.

‘இப்போது மணி என்ன’ என்ற கேள்விக்கும் ஒரே விடை இல்லை. போஸ்ட்கிரெஸின் ‘நவ்’, பரிவர்த்தனை (ஒன்றாக முடியவோ ஒன்றாகக் கைவிடப்படவோ வேண்டிய கட்டளைத் தொகுப்பு) தொடங்கிய நேரத்தையே கடைசி வரை சொல்லிக்கொண்டிருக்கும். 40 நிமிடம் ஓடும் பணியில் ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் அதைக் கொண்டு பதிந்தால், எல்லாம் ஒரே நொடியில் முடிந்ததாகக் காட்டும். ‘க்ளாக் டைம்ஸ்டாம்ப்’ என்று கேட்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் ‘நவ்’ அந்தக் கட்டளை தொடங்கிய நேரம்.

தமிழில் பெயர்களைச் சேமிப்போருக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும், ஏனெனில் ஆங்கிலத்தில் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இவை தட்டுப்படவே செய்யாது. ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயர் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடு கணக்கில், உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனி என்பதால், 15 குறியீடுகள். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ஆக 45 பைட். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் ‘வார்கார் 40’ என்ற உரைப் புலத்தை 40 குறியீடுகள் என்று எண்ணும். பெயர் தாராளமாக அடங்கும். ஆரக்கிளின் ‘வார்கார்2 40’ இயல்பாக 40 பைட். பெயர் அடங்காது, 12899 என்ற எண்ணுடன் பிழை வரும். புலத்தை அறிவிக்கும்போதே ‘40 கார்’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் இயல்பான அமைப்பில் மொத்த உச்சவரம்பு 4000 பைட்தான் என்பதால், ஒரு புலத்தில் 1333 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் போகாது. நீளம் கேட்கும் செயற்கூறுகளும் இப்படியே: ‘லெங்த்’ என்று கேட்டால் போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் 15 என்னும், மைஎஸ்க்யூஎல் 45 என்னும். அங்கே 15 வேண்டுமானால் ‘கார் லெங்த்’.

எஸ்க்யூஎல் சர்வரில் புலம் யூனிகோடு உரைக்கான ‘என்வார்கார்’ ஆக இருந்தால் மட்டும் போதாது. மேற்கோளுக்கு முன்னால் ‘என்’ என்ற பேரெழுத்தைப் போடாமல் தமிழ் உரையை எழுதினால், அது புலத்தைச் சென்றடைவதற்கு முன்பே கேள்விக்குறிகளாக மாறிவிடும். எழுத்து போனது போனதுதான், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. 2019 பதிப்பில் வந்த யூடிஎஃப்-8 ஒப்பீட்டு முறையைத் தரவுத்தளத்துக்கே அமைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் வேறு விதமான ஏமாற்று. அதன் பழைய ‘யூடிஎஃப்8’ உண்மையில் 3 பைட் வரைக்கும்தான். தமிழ் 3 பைட்டுக்குள் அடங்குவதால் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். பிறகு யாரோ கருத்துப் பெட்டியில் ஒரு சிரிப்பு எமோஜியைப் போடுவார்கள். அது 4 பைட். கண்டிப்பான முறையில் 1366 என்ற பிழை வரும். கண்டிப்பில்லாத முறையில் எமோஜியிலிருந்து மீதி உரை முழுவதும் வெட்டப்பட்டுச் சேமிக்கப்படும். ‘யூடிஎஃப்8எம்பி4’ என்பதுதான் முழு யூடிஎஃப்-8. 8.0 பதிப்பு முதல் அதுவே இயல்பு. டேபிளை மட்டும் மாற்றிவிட்டு இணைப்பின் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றாமல் விட்டால் பலன் இல்லை.

‘கொ’ என்பதைத் தட்டச்சு செய்ய இரண்டு வழிகள் உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். ககரத்துக்குப் பின் ஒற்றைக் குறியீடாக ஒகரக் குறி வரலாம். அல்லது எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸின் வழக்கமான ஒப்பீட்டில் இரண்டும் வேறு: ‘கொற்றவை’யைத் தேடினால் பாதிப் பதிவுகள் வராது, தனித்தன்மைக் கட்டுப்பாடும் இரட்டைப் பதிவைத் தடுக்காது. 13ஆம் பதிப்பு முதல் அதில் ‘நார்மலைஸ்’ செயற்கூறு இருக்கிறது. அதைவிட, சேமிக்கும் முன்பே எல்லா உரையையும், குறிகளை ஒற்றைக் குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுவது மேல். வரிசைப்படுத்தலையும் சரிபாருங்கள். வெறும் குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் ‘ன’ நகரத்துக்கு அடுத்தும், ‘ற’ ரகரத்துக்கு அடுத்தும், ‘ஜ’ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவிலும் வந்து உட்காரும். ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போகும். அகரவரிசை தெரிந்த யாரும் அந்தப் பட்டியலை ஏற்க மாட்டார்கள். போஸ்ட்கிரெஸில் ஐசியு நூலகத்தின் தமிழ் ஒப்பீட்டு முறையை ‘கொலேட்’ மூலம் குறிப்பிட்டால் நம் வரிசை கிடைக்கும்.

ஆங்கில எழுத்துகளில் பெரிது சிறிது பார்ப்பதிலும் கட்சி பிரிந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூஎல் சர்வரும் வழக்கமான அமைப்பில் பார்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் பார்க்கும். முன்னதிலிருந்து பின்னதுக்கு மாறினால், பேரெழுத்தில் மின்னஞ்சல் தட்டுபவர்களால் திடீரென உள்நுழைய முடியாது. சிற்றெழுத்தாக்கிய வடிவத்தின் மீது தனித்தன்மை இண்டெக்ஸ் போட வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லில் உரைப் புலத்தை எண்ணோடு ஒப்பிடுவது தனி வகைக் கோளாறு. கிளைக்குறியீடு உரையாக இருக்க, மேற்கோள் இல்லாமல் ‘= 0’ என்று கேட்டால், எழுத்தில் தொடங்கும் எல்லாக் குறியீடுகளும் 0 என்றே மாற்றப்பட்டு வரிசையாக வந்து நிற்கும். ‘1’, ‘01’, ‘1அ’ எல்லாமே 1க்குச் சமம் என்பதால் இண்டெக்ஸையும் பயன்படுத்த முடியாது. அதனால்தான் அந்த க்வெரி மெதுவாகவும் ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ் 8.3 முதல் இப்படிக் கேட்டாலே பிழை. அது கறார் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு; அந்தக் கறார்தான் நமக்கு வேண்டும்.

காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டு காவல் இல்லாமல் இருப்பதும் உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0.16க்கு முன்பு ‘செக்’ கட்டுப்பாட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டு, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கைவிட்டுவிடும். பழைய பதிப்பில் உருவாக்கிய டேபிள்களில் அந்தக் கட்டுப்பாடு இன்றும் இருக்காது. பதிப்பு உயர்ந்தபின் மறுபடி சேர்க்க வேண்டும். எஸ்க்யூலைட்டில், வேறு டேபிளின் பதிவைச் சுட்டும் அயல் திறவுகோலின் சரிபார்ப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். ‘ப்ராக்மா’ கட்டளையால் ஒவ்வொரு இணைப்பிலும் இயக்க வேண்டும், ஒருமுறை செய்தால் நிலைக்காது. முழு எண் புலத்தில் அது ‘அஆஇ’யையும் சேமிக்கும், 3.37இல் வந்த ‘ஸ்ட்ரிக்ட்’ டேபிள்கள்தான் மறுக்கும். அதே எஸ்க்யூலைட்டில் இரட்டை மேற்கோளுக்குள் புலத்தின் பெயரைத் தவறாக எழுதினால், அப்படியொரு புலம் இல்லை என்று சொல்லாமல் அதை உரையாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. உரைக்கு ஒற்றை மேற்கோள் மட்டும் என்ற ஒழுக்கம் எங்கும் காப்பாற்றும். மைஎஸ்க்யூஎல் இரட்டை மேற்கோளை உரையாகவும் போஸ்ட்கிரெஸ் பெயராகவும் படிப்பதால் வரும் குழப்பமும் அத்தோடு தீரும்.

பரிவர்த்தனைகளைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வது ‘கமிட்’ (மாற்றத்தை உறுதிசெய்), ‘ரோல்பேக்’ (திரும்பப் பெறு) என்ற இரண்டு சொற்கள்தான். நடைமுறை வேறு. டேபிளின் அமைப்பை மாற்றும் ‘ஆல்டர்’ கட்டளை ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் வந்தவுடன், அதற்கு முன் செய்த எல்லாம் தானாகவே கமிட் ஆகிவிடும். 12 படிகள் கொண்ட மாற்ற நிரல் 7ஆம் படியில் விழுந்தால், ரோல்பேக் போட்டாலும் 6 படிகள் அப்படியே நிற்கும். போஸ்ட்கிரெஸில் அமைப்பு மாற்றங்களும் பரிவர்த்தனைக்குள் அடங்கும். முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பும். டேபிளைக் காலி செய்யும் ‘ட்ரங்கேட்’டும் இதே பிரிவுதான்: போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் பரிவர்த்தனைக்குள் இருந்தால் திரும்பப் பெறலாம், ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் முடியாது. மறுபக்கம், போஸ்ட்கிரெஸில் நடுவே ஒரு கட்டளை பிழையானால் முழுப் பரிவர்த்தனையும் செத்துவிடும். ரோல்பேக் சொல்லும் வரை எதையும் ஏற்காது. ‘பிழை வந்தால் விட்டுவிட்டு அடுத்ததைச் சேர்’ என்ற ஆரக்கிள் பழக்கம் இங்கே செல்லாது. ஒவ்வொரு முயற்சிக்கும் முன், திரும்பி வருவதற்கான ‘சேவ்பாயிண்ட்’ வைக்க வேண்டும், அல்லது மோதும் பதிவை விட்டுவிடச் சொல்லும் ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ பயன்படுத்த வேண்டும்.

ஒரு பரிவர்த்தனை மற்றவற்றின் மாற்றங்களை எந்த அளவு பார்க்கலாம் என்ற தனிமைப்படுத்தும் நிலையும் இயல்பிலேயே வேறு. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றும் ‘ரீட் கமிட்டட்’, அதாவது கமிட் ஆனதை மட்டும் படிக்கும். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி ‘ரிப்பீட்டபிள் ரீட்’, அதாவது எத்தனை முறை படித்தாலும் அதே காட்சி. பைதானில் எழுதிய கண்காணிப்பு நிரல் புதிய பதிவுகளைப் பார்ப்பதே இல்லை என்ற புகாருக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். பைதான் இணைப்பிகள் தானியங்கிக் கமிட்டை அணைத்தே வைத்திருக்கும். முதல் ‘ஸெலக்ட்’ எடுத்த காட்சியையே அந்தப் பரிவர்த்தனை முடியும் வரை மைஎஸ்க்யூஎல் காட்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கமிட் போட்டால் சரியாகிவிடும். எஸ்க்யூஎல் சர்வரின் ரீட் கமிட்டட் பூட்டுகளால் இயங்குவது. ஒருவர் திருத்திவிட்டுக் கமிட் செய்யாமல் எழுந்து போனால், அந்தப் பதிவைப் படிக்க வருபவரும் காத்துக்கிடப்பார். அதற்காக எல்லா க்வெரியிலும், பூட்டைக் கண்டுகொள்ளாமல் படிக்கச் சொல்லும் ‘நோலாக்’ போடுவது பரவலாக இருக்கிறது. கமிட் ஆகாத எண்ணைப் படிப்பது மட்டும் அல்ல, ஒரே பதிவை இரண்டு முறை எண்ணவும் அல்லது அடியோடு தவறவிடவும் அதில் இடமுண்டு. கணக்கு அறிக்கைக்கு அது ஆகவே ஆகாது. தரவுத்தள அளவில் ‘ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்’ என்ற அமைப்பை இயக்கினால், படிப்பவர் காத்திருக்காமல் கடைசியாகக் கமிட் ஆன மதிப்பைப் பெறுவார்.

தணிக்கையாளர்கள் கேட்கும் கேள்வி ஒன்று: ரசீது எண் ஏன் நடுவில் விட்டுப்போயிருக்கிறது? தானாக ஏறும் எண்ணை ரசீதுக்குப் பயன்படுத்தியதே காரணம். எந்தத் தரவுத்தளத்திலும் அந்த எண் தொடர்ச்சிக்கு உறுதி தராது. எஸ்க்யூலைட் தவிர மற்றவற்றில், ரோல்பேக் ஆனாலும் எடுத்த எண் திரும்பாது. ஆரக்கிளின் ‘சீக்வென்ஸ்’ இயல்பாக 20 எண்களை நினைவகத்தில் வைத்திருக்கும். சேவையகம் தடாலென நின்றால் மீதி போய்விடும். எஸ்க்யூஎல் சர்வரின் ‘ஐடென்டிட்டி’ அப்படி நின்று எழுந்தால் 1000 எண்கள் தாவும். போஸ்ட்கிரெஸில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’டால் சேர்க்கப்படாத பதிவும் ஓர் எண்ணைத் தின்றுவிடும். மைஎஸ்க்யூஎல் 8.0க்கு முன்பு இன்னும் மோசம்: கடைசிப் பதிவுகளை நீக்கிவிட்டுச் சேவையகத்தை மறுதொடக்கம் செய்தால், நீக்கிய எண்ணையே மறுபடி புதியவருக்குக் கொடுக்கும். இடைவெளியே கூடாது என்று சட்டமோ நிறுவன விதியோ சொன்னால், ஒரே ஒரு பதிவு கொண்ட எண் டேபிள் வைத்து, ரசீதைச் சேர்க்கும் அதே பரிவர்த்தனைக்குள் அதைப் பூட்டி ஏற்ற வேண்டும். ஒருவர் முடிக்கும் வரை அடுத்தவர் காத்திருப்பார். அந்த விலையைத் தந்தே ஆக வேண்டும்.

இடம்பெயர்ப்புக்கு முன் செய்ய வேண்டிய சோதனை பெரிய வேலை இல்லை. வெற்று உரை, ‘நல்’, முடிவில் இடைவெளி உள்ள உரை, இரண்டு வழியில் தட்டிய ‘கொ’, எமோஜி, மாதக் கடைசி நாளின் இரவு 11:59, மறுநாள் நள்ளிரவு: இவை கொண்ட பத்துப் பதினைந்து பதிவுகளை வேண்டுமென்றே சேருங்கள். அறிக்கைகள் அனைத்தையும் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஓட்டுங்கள். க்வெரி பிழையின்றி ஓடுகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் மொத்த எண்ணிக்கை, ‘நல்’ எண்ணிக்கை, கூட்டுத்தொகை, மிகச் சிறியது, மிகப் பெரியது ஆகிய ஐந்தையும் ஒப்பிடுங்கள். ‘ஆர்டர் பை’ இல்லாத அறிக்கை எதுவும் இருந்தால் அப்போதே சேர்த்துவிடுங்கள். இன்னோடிபி முதன்மைத் திறவுகோல் வரிசையில் அடுக்கி வைப்பதால் மைஎஸ்க்யூஎல்லில் பழகியவர்களுக்கு அது தேவையில்லை என்று தோன்றும். போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவைத் திருத்தினால் புதிய பிரதி வேறிடத்தில் எழுதப்படுவதால், அடுத்த முறை அது பட்டியலின் வேறு இடத்தில் தோன்றலாம்.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. க்வெரி அச்சிடும்போது எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு என்று ஒரு வரி சேருங்கள். அச்சுக்கோக்கும் மென்பொருள் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும், கருத்துரைக்கான இரண்டு சிறுகோடுகளை ஒரே நீளக் கோடாகவும் மாற்றிவிடுகிறது. இணையப் பதிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும் மாணவருக்கு இரண்டுமே பிழை தரும். நிரல் வரிகளுக்கு மட்டும் அந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். சிறுகோடுகள் இரண்டுக்கும் பின்னால் ஓர் இடைவெளி விட்டே அச்சிடவும். அது இல்லாவிட்டால் மைஎஸ்க்யூஎல் அதைக் கருத்துரையாக ஏற்காமல் இரண்டு கழித்தல் குறிகளாகப் படித்துவிடும்.

இப்படிக்கு,
தரவுத்தள நிர்வாகப் பணியிலுள்ள வாசகர் ஒருவர்